மயிலாத்தாளின் நரம்பு போன வழி

மயிலாத்தாளின் மொட்டை மணிக்கட்டிலிருந்து வெள்ளை நூல் ஒன்று தலைநீட்டியது ஆடி மாதத்து இரண்டாம் புதன்கிழமை. அன்றைக்கு அந்த லைன் வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை என்பதால், நின்று அதைப் பார்க்க ஒருத்திக்கும் நேரமில்லை. ஏழு வீட்டுக் குடங்களும் அண்டாக்களும் நிரம்பி, குழாய் வெறும் காற்றை ஊதத் தொடங்கிய பிறகுதான் பக்கத்து வீட்டுத் தங்கமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். சேமியா கனம், தொட்டால் இளஞ்சூடு, ஈரம், உற்றுப் பார்த்தால் இரண்டு புரி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு.

"வேர் வுடறாப்பல இருக்குதக்கா," என்றாள் தங்கமணி, முருங்கைக் கொம்பு துளிர்த்ததைச் சொல்வதுபோல. "வலிக்குதா?"

"வலி எப்பவும் இருக்கறதுதான். இது வலியில்ல புள்ள. எங்கியோ போகோணும்னு துடிக்குது."

எங்கே போகத் துடிக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

கோயமுத்தூருக்கு வடக்கே மோட்டார் கம்பெனிகளும் பவுண்டரிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பேட்டையில், நாச்சிமுத்துவின் கம்பெனியில், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் பதினோரு வருஷம் தகடு வெட்டியவள் மயிலாத்தாள். தகட்டை உள்ளே தள்ளி, கையை வெளியே இழுத்து, மிதியை மிதித்தால் அச்சு இறங்கும். மறுபடி தள்ளி, மறுபடி இழுத்து, மறுபடி மிதிக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. மாசியில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. கையைக் காப்பதற்காகப் பிரஸ்ஸின் முன்னால் ஏறி இறங்குகிற கம்பி வலை நேரத்தைத் தின்கிறது என்று நாச்சிமுத்து அதைக் கழற்றச் சொன்னார். மிதித்து மிதித்து ஓட்டுவது நேரத்தைத் தின்கிறது என்று மிதியைக் கம்பியால் கட்டி, அச்சு நிற்காமல் விழும்படி செய்யச் சொன்னார். மூன்றாம் நாள் மத்தியானம் கை போயிற்று.

போனதற்குக்கூட அவள் மன்னித்திருப்பாளோ என்னவோ. பிறகு நடந்ததற்கு மன்னிப்பே கிடையாது. ரத்தம் பீய்ச்சியவளைத் தரையில் கிடத்திவிட்டு, போர்மேன் ஆறுச்சாமியை விட்டு வலையைத் திரும்ப மாட்டச் சொல்லி, மிதியைக் கட்டிய கம்பியை அவிழ்க்கச் சொல்லி, எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறதா என்று நாலு பக்கமும் நின்று பார்த்த பிறகுதான் அந்த மனுஷன் வண்டியை வரச் சொன்னார். முக்கால் மணி நேரம். அதற்குள் கை, தகட்டுக் கழிவோடு கழிவாகப் பழைய இரும்பு லாரியில் ஏறிப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "கை எங்கே?" என்றுதான், உடனே கொண்டுவந்திருந்தால் தைத்துப் பார்த்திருக்கலாம் என்றார். விசாரிக்க வந்த ஆபீசரிடம் நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவமுங், தூக்கக் கலக்கத்துல கைய உள்ள வுட்டுருச்சு," என்றார். ஆபீசர் அப்படியே எழுதினார், ஆறுச்சாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார், பேட்டை முழுக்க அப்படியே பேசியது. பிரியமாக இருந்தவர்கள்கூட, "கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கலாமே கண்ணு," என்றார்கள். கை போன வலிக்கு மாத்திரை இருந்தது. இந்தப் பேச்சுக்கு இல்லை. மயிலாத்தாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வலையைக் கழற்றச் சொன்னது நான்தான், இவள் தூங்கவில்லை என்று அந்த ஆள் தன் வாயால், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும்.

நூல் முதல் வாரம் முழக் கணக்கில் வளர்ந்தது, அடுத்த வாரம் தெருக் கணக்கில். வீட்டுப் பின்னால் பொடக்காளிச் சுவரேறி, துணிக்கொடியோடு கொடியாக ஓடி, டீக்கடைக் கூரையைத் தாண்டி, பள்ளிக்கூட மதில்மேல் நடந்து, மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்தது. கேபிள்காரர் வந்து தன்னுடைய வயரா என்று பார்த்துவிட்டுப் போனார். லைன்மேன் டெஸ்டரை வைத்துப் பார்த்து, விளக்கு எரியாததால், "எங்குளுது இல்லீங்," என்று சொல்லி, இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். உயரமான லாரி வரும்போதெல்லாம் டீ மாஸ்டர் ஓடிவந்து தொரட்டியால் நூலைத் தூக்கிப் பிடித்தார். லாரிக்காரர்களும் ஹாரன் அடித்துவிட்டு அவருக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். நூலின்மேல் காக்கை உட்கார்ந்தால் மயிலாத்தாளுக்கு இல்லாத சுண்டு விரல் கூசியது.

லைன் வீட்டுக் கோடியில் குடியிருக்கிற ரூபி சிஸ்டர், ஆஸ்பத்திரி நரம்பு வார்டில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர், வேலைக்குப் போகிற வழியில் நின்று கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"நரம்புதான், சந்தேகமே இல்ல. ரெண்டு செல்லு. ஒண்ணு இங்கிருந்து கட்டளை கொண்டுபோறது, அதோட தலை உன்ற முதுகுத்தண்டுக்குள்ள உக்காந்துட்டு, மரக்கிளையாட்ட நாலாபக்கமும் கைய நீட்டி, மூளை சொல்றதக் கேட்டுக்கிட்டிருக்கும். கேட்டதக் கொண்டுபோக அதுக்கு ஒரே ஒரு வாலு. அந்த வாலுதான் வெளிய வந்திருக்குது. இன்னொண்ணு, தொட்ட சேதிய அங்கிருந்து கொண்டாரது."

"உள்ள கரண்டா போகுது சிஸ்டர்?" என்று தங்கமணி கேட்டாள். அதே கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவள், கரண்டு என்றால் அவளுக்குப் பேசத் தெரியும்.

"கரண்டுதான். ஆனா கம்பில ஓடற கரண்டு இல்ல. நூலுக்குள்ள ஒரு உப்பு, வெளிய ஒரு உப்பு. நூல் மேல பூராவும் கண்ணுக்குத் தெரியாத கதவு. ஒரு கதவு தொறந்தா வெளிய இருக்கற உப்பு உள்ள பாயும், அந்த அதிர்ச்சில அடுத்த கதவு தொறக்கும், அதுல அதுக்கடுத்தது. அப்படியே கடைசி வரைக்கும். கொஞ்சமாப் போறதுன்னு பேச்சே கிடையாது. போனா முழுசாப் போகும், இல்லாட்டி போகவே போகாது."

"என்னையாட்டத்தான்," என்றாள் மயிலாத்தாள்.

அன்றிலிருந்து வாசல் தெளிக்கும்போது அவரவர் வீட்டு நேருக்கு நேர் நூலுக்கும் ஒரு கை உப்புத் தண்ணீர் தெளிப்பது வழக்கமாயிற்று. ஆடிக் காற்றிலும் நூல் காயவே இல்லை.

ஆவணி பிறந்த அன்று காலை, நாச்சிமுத்து டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, நூல் ஜன்னல் வழியாக வந்து, அவருடைய வலது மணிக்கட்டுக்கு ஒரு மயிரிழை தூரத்தில் நின்று, நுனியில் சின்னச் சின்ன வேராகப் பிரிந்து, அங்கேயே தங்கிவிட்டது. தொடவில்லை. அவர் எழுந்தால் எழுந்தது, குளிக்கப் போனால் கூடப் போனது, காரில் ஏறினால் கண்ணாடி இடுக்கில் நீண்டு வந்தது. போலீசில் சொல்லிப் பார்த்தார். அவர்கள் நூலுக்கும் கைக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டுப் பார்த்துவிட்டு, தொடாத நூல்மேல் எந்தப் பிரிவில் கேஸ் போடுவது என்று கேட்டார்கள். நரம்பு எப்போதுமே அப்படித்தான், கடைசி இடைவெளியில் துளி மருந்தைத் தெளித்துத்தான் சேதியைத் தாண்டவிடும் என்று ரூபி சிஸ்டர் இங்கே லைன் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டிவிடலாம் என்று ஆறுச்சாமி கட்டிங் பிளேயரோடு வந்து நூலை லேசாக நெருக்கினார். முதலாளியின் கை, நகம் உள்ளங்கையைக் கிழிக்கிற அளவுக்கு மூடிக்கொண்டு திறக்க மறுத்தது. அதற்குப் பிறகு நூல் பக்கம் போக யாருக்கும் தைரியமில்லை.

மயிலாத்தாள் வாசற்படியில் உட்கார்ந்து இல்லாத விரல்களை மடக்கினாள். அரை மணி நேரம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில், சம்பந்தி வீட்டுக்காரரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்து அந்தக் கையை நசுக்கிவிட்டார் என்று தகவல் வந்தது. பத்து மணிக்கு அறை என்றாள். பத்தரைக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். பேட்டையே கைகொட்டிச் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. இவள் ஆத்திரம் ஆறி, அரிசி களைந்து, உலை வைத்த பிறகு போய்ச் சேருகிற அடியெல்லாம் ஒரு அடியா? அவள் மனசில் இருந்தது மூன்றாம் நம்பர் பிரஸ். அந்தக் கையை அச்சுக்கு அடியில் நீட்டி, விழுகிற கணத்தில் இழுத்து, மறுபடி நீட்டி, மறுபடி இழுத்து, அவர் வாய் திறக்கும் வரைக்கும் ஆட்டிவைக்க வேண்டும். அதற்குக் கண் இமைக்கிற நேரத்தில் கட்டளை போய்ச் சேர வேண்டும்.

"உடம்புக்குள்ள நரம்புக்கு மேல கொழுப்புல ஒரு உறை சுத்தியிருக்கும்," என்றார் ரூபி சிஸ்டர் பஸ் ஸ்டாப்பில். "உன்னுது வெறும் நூலு, அதான் நடந்து போகுது. உறை இருந்தா பறக்கும். ஆனா சுத்தறப்ப ஒண்ணு—" பஸ் வந்துவிட்டது. ஓடி ஏறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கமணியோடு காயில் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் முப்பது பேரும் ஏணிகளோடு வந்தார்கள். கம்பெனியில் அவர்கள் சாட்சி சொல்லவில்லை, சொல்லும் தைரியமும் வரவில்லை. அந்தக் குறுகுறுப்பு ஒவ்வொருத்தி கையிலும் இருந்தது. ஆட்டுக் கொழுப்பை உருக்கி, காயிலுக்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவை அதில் முக்கி, லைன் வீட்டிலிருந்து முதலாளி வீட்டு ஜன்னல் வரைக்கும், பாதி மேல் பாதி ஏறும்படி, இழுத்துப் பிடித்துச் சுற்றினார்கள். மோட்டார் காயிலில் குண்டூசி முனை இடம் திறந்திருந்தால் மோட்டாரே எரிந்துபோகும். இந்தப் பயத்திலேயே கை பழகியவர்கள். எங்கேயாவது வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால் தங்கமணி அவிழ்த்து மறுபடி சுற்றச் சொன்னாள். சாயங்காலம் இறங்கி நின்று பார்த்தபோது, இவ்வளவு சுத்தமான வேலையைத் தாங்கள் செய்ததே இல்லை என்று அவர்களுக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை நரம்பு செத்துக் கிடந்தது. மயிலாத்தாள் மடக்கினாள், நீட்டினாள், அறைந்தாள். எதுவும் போகவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வரவுமில்லை. முதலாளி வீட்டில் அந்த வலது கை ஈரத் துணிபோலத் தொங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், மரத்துப் போயிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பும் என்றார். பீடை விலகுகிறது என்று நாச்சிமுத்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், இடது கையால்.

வேலை முடிந்து வந்த ரூபி சிஸ்டர் நூலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "கதவு பூராவும் அடைச்சுட்டீங்களே பாவிகளா! உறைக்கு நடுவுல நடுவுல ஒரு விரக்கடை திறந்து வுடோணும். கதவு அங்கதான் இருக்குது. உப்பு அங்கதான் உள்ள வரோணும். ஒரு திறப்புல இருந்து அடுத்த திறப்புக்குச் சேதி தாவும். தாவறதுனாலதான் வேகம்!"

தாங்கள் உயிரைக் கொடுத்து மறைத்ததைத்தான் திறந்து வைக்க வேண்டும் என்பதை ஜீரணிக்க வைண்டிங் பெண்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"அவரு கை எப்படி இருக்குதாம்?" என்று ரூபி சிஸ்டர் கேட்டார்.

"தொவண்டு கிடக்குதாம். அசையவே இல்லியாம்," என்றாள் தங்கமணி.

ரூபி சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அவரோட சொந்த நரம்பு பட்டுப்போச்சு. ஒரு சதைக்கு ஒரு நரம்புதான் மயிலாத்தா. உன்னுது வந்து உக்காந்ததுல அவருது கொஞ்சங் கொஞ்சமாக் காஞ்சிருச்சு. இனி அந்தக் கைக்கு நீ ஒருத்திதான். நீ வுட்டா அது கை இல்ல, சும்மா தொங்கற சதை."

மயிலாத்தாள் நாடாவின் விளிம்பை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"இத அவருகிட்ட யாரும் சொல்ல வேண்டாம்," என்றாள்.

யாரும் சொல்லவில்லை. நாடாவில் முழத்துக்கு முழம் ஒரு விரற்கடை வெட்டித் திறந்தார்கள். கடைசித் திறப்பில் உப்புத் தண்ணீர் பட்டதும், இல்லாத விரல்கள் ஐந்திலும் நாச்சிமுத்து வீட்டுச் சோபாவின் சொரசொரப்பு அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை அந்தக் கை நாச்சிமுத்துவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வந்தது. ஆபீசர் போன மறுவாரமே வலை மறுபடியும் கழற்றப்பட்டு, மிதி மறுபடியும் கட்டப்பட்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் மரியாதையாக எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்து அலற, கை மட்டும் முன்னால் போய்த் தகட்டைத் தள்ளியது, இழுத்தது, தள்ளியது, இழுத்தது, நிமிஷத்துக்கு நாற்பது தரம், எட்டு மணி நேரம். முதல் நாள் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாம் நாள், முதலாளி வெட்டுகிற தகடு பிசிறில்லாமல் வருகிறது, அது மயிலாத்தாளின் கைப்பக்குவம் என்று பேசிக்கொண்டார்கள். நாச்சிமுத்து மூன்றாம் பிரஸ்ஸுக்கு வலை மாட்டச் சொன்னார். கை நாலாம் பிரஸ்ஸுக்குப் போயிற்று. நாலுக்கும் மாட்டினார், ஐந்துக்குப் போயிற்று. இப்படியே ஒன்பது பிரஸ்ஸுக்கும் வலை வந்தது, ஒன்பது மிதியும் அவிழ்ந்தது, தொழிலாளிகள் பத்து விரலோடு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அவர் வாய் மட்டும் அவிழவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், கையைச் சும்மா விட்டிருந்த நேரத்தில், மயிலாத்தாளின் உள்ளங்கையில் பஞ்சுபோல ஏதோ வந்து படிந்தது. சூடாக இருந்தது, மெல்லத் துடித்தது. முதலாளியின் பேத்தி, கைக்குழந்தை, அதன் உச்சந்தலை. அவளுக்கும் சித்திரையில் ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள், ஒற்றைக் கையால் தூக்கப் பயந்து இதுவரை பாயில் கிடத்தியே கொஞ்சியிருக்கிறாள். விளக்கு வைக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகமே பிறகு வயிற்றெரிச்சலாக மாறியது. இதையும் சேர்த்தல்லவா அந்த ஆள் லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறான்?

மறுநாள் அவளே கம்பெனிக்கு நடந்து வந்தாள். நரம்பு தொட்டதைச் சொல்லும், கேட்டதைச் சொல்லாது. அவர் சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். அவள் வர வர நூல் தெருத் தெருவாகச் சுருங்கி அவளோடு வந்தது.

ஒன்பது வலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நாச்சிமுத்து சிரித்தார். "இனி எங்க கொண்டுபோயி வெப்பே அம்மிணி?"

அவருடைய வலது கை மேஜையிலிருந்த ஸ்பானரை எடுத்தது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் வலைத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டது, கம்பியை எடுத்து மிதியை இழுத்துக் கட்டியது. சிரிப்பு நின்றுபோயிற்று. அச்சு விழத் தொடங்கியது. கை உள்ளே போய் வந்தது. அடுத்த தரம் சற்றுத் தாமதித்து வந்தது. அதற்கடுத்த தரம் அச்சின் காற்று விரல்மேல் அடித்தது. அது மயிலாத்தாளுக்கும் தெரிந்தது.

"சொல்லுங் மொதலாளி."

"என்னத்தச் சொல்ல?"

கை இன்னும் தாமதித்து வந்தது. நடு விரல் நகத்தின் ஓரம் சீவப்பட்டுத் தெறித்தது.

"நாந்தான்!" என்று அலறினார். "வலையக் கழட்டச் சொன்னது நாந்தான்! மிதியக் கட்டச் சொன்னதும் நாந்தான்! அவ தூங்கல, அவ தூங்கவே இல்ல!"

"முக்கா மணி நேரம் போட்டு வெச்சது?"

"அதும் நாந்தான். நாந்தான் சாமி!"

தங்கமணியின் போனில் அது அத்தனையும் பதிவாயிற்று. ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டு போய் மெயினை அணைத்தார். அச்சு நின்றது. அவள் தூங்கவில்லை என்பதை அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் பார்த்துச் செய்திருக்கலாம் என்று சொன்னவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். மயிலாத்தாள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"சொல்லிட்டனில்ல?" நாச்சிமுத்து ஸ்டூலிலேயே அழுதார். "இத அறுத்து வுட்டுரு. என்ற கைய எனக்குக் குடுத்துரு."

"நானா அறுக்கட்டுங்களா?"

"நீதான் அறுக்கோணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்."

"அறு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

ஆறுச்சாமி எதையோ மோப்பம் பிடித்ததுபோல நிமிர்ந்தார். வைண்டிங் பெண்கள் முப்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. தங்கமணி நாடா வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

மயிலாத்தாள் உடனே வெட்டவில்லை. முதலில் அந்தக் கையை உயரத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எலும்பு துருத்திய கன்னம், காதோரம் ஒரு தழும்பு, கொஞ்சம் வியர்வை. எல்லாம் விரலுக்குத் தெரிந்தது. இனி ஒருபோதும் தெரியாது. தெரிந்தேதான் இடது கையால் கத்தரியை எடுத்து, இரண்டு புரியையும் ஒன்றாக வைத்து அறுத்தாள்.

மாசி மாதத்து மத்தியானத்தில் வலித்த மாதிரியே வலித்தது. இரண்டாவது தரமாகக் கை போயிற்று. நூல் துடித்து, சுருண்டு, தரையில் விழுந்து காய்ந்தது. கன்னத்திலிருந்த கை வழுக்கி இறங்கி அவர் மடியில் விழுந்தது. ஐந்து விரலும் முழுசாக இருந்தன, மோதிரமும் இருந்தது. முகத்தைத் துடைக்கலாம் என்று அவர் அதைக் கூப்பிட்டார். அது வரவில்லை.

"மரத்திருக்குது," என்றார். "எப்பம்மா சரியாகும்?"

"ஆகாதுங் மொதலாளி," என்றாள் மயிலாத்தாள்.

வலியில் பல் கிட்டிக்கொண்டது, கண்ணில் நீர் கோத்தது, தங்கமணி தோளைப் பிடித்து, வாங்கக்கா போலாம் என்றாள். அவள் அசையவில்லை. அவர் இடது கையால் அந்த வலது கையை எடுத்து மடியில் வைப்பதையும், அது சரிந்து தொங்குவதையும், மறுபடி எடுத்து வைப்பதையும், நின்று கண்ணாரப் பார்த்தாள்.